நாசி கண்டார் முகப்பும் இரண்டு வயதுப் பசியும்

பினாங்கின் சூலியா தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. நாசி கண்டார் கடையின் வரிசை அஞ்சடி நடைபாதைவரை நீண்டுவிட்டது. உள்ளே மூலை மேசையில் என் தங்கை, மடியில் அவள் மகன். அவனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். மேசையில் ஒரு கிளாஸ் வெந்நீர். கோழித் துண்டை அதில் முக்கி முக்கிக் காரத்தைக் கழுவி, நார் நாராகப் பிய்த்து, சோற்றுக்குள் ஒளித்து உருண்டை பிடிக்கிறாள். இன்னொரு கையில் கைப்பேசி, அதில் பாட்டு ஓடுகிறது. "ஒரு வாய்டா தங்கம், ஒரே ஒரு வாய்." அவன் கண் படத்தில் இருக்கிறது, வாய் திறக்கவில்லை. எப்படியோ உள்ளே போன உருண்டையும் கன்னத்தில் ஒதுங்கி, சற்று நேரத்தில் சட்டையில் வழிகிறது. வீட்டிலும் மூன்று வேளையும் இதே கதைதான். சாப்பாட்டு நேரம் நெருங்கினாலே தனக்கு வயிற்றைக் கலக்குகிறது என்று ஒருநாள் அழுதிருக்கிறாள்.

அன்று அவளையும் கடை முகப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. பத்தடி தூரத்தில், குழம்புச் சட்டிகளுக்குப் பின்னால் அகப்பையோடு நின்ற கடைக்கார நானா யாரையும் கெஞ்சவில்லை. யாரும் வாயை மூடிக்கொள்ளவும் இல்லை.

மலாயில் 'கண்டார்' என்றால் தோளில் தடி வைத்து இரு முனையிலும் தொங்கவிட்டுச் சுமப்பது. நம் காவடிதான். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்கள், இந்தத் தெருவுக்குச் சூலியா என்ற பெயர் வரக் காரணமானவர்கள், ஒரு முனையில் சோற்றையும் மறு முனையில் குழம்புகளையும் சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளிகளுக்குப் பசியாறக் கொடுத்தார்கள். தடி போய்க் கடை வந்தது. ஆனால் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் மாறவில்லை. என்ன சமைப்பது, எத்தனை மணிக்குத் திறப்பது, எங்கே வைத்துக் கொடுப்பது என்ற மூன்றும் கடைக்காரர் பொறுப்பு. எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்ற இரண்டும் வாடிக்கையாளரின் விரல் நுனியில். நானா சட்டிகளைத் திறந்து வைக்கிறார். விரல் காட்டிய இடத்தில் அகப்பை போகிறது. குழம்பு எல்லாம் கலந்து வெள்ளமாக வேண்டுமானால் 'பஞ்சிர்', தனியாக வேண்டுமானால் 'ஆசிங்'. "மீன்தலை எடுத்தால்தான் சோறு" என்று அவர் சொன்னால் நாளைக்கு அந்த வரிசை இருக்காது.

குழந்தைக்குச் சோறூட்டுவதிலும் பிரிவினை இதேதான். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலர் 1980களில் இதை வரையறுத்துச் சொன்னார்: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் வேலை, சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் வேலை. நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்பதைப் பிள்ளை தீர்மானிக்கிறது. பிஸ்கட்டு கேட்டால் பிஸ்கட்டு, மைலோ கேட்டால் மைலோ. எவ்வளவு என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கிறோம், அதுவும் பலவந்தமாக. சண்டை தொடங்குவது இங்கேதான்.

இனி அந்தச் சின்ன உடம்புக்குள் இருக்கும் சமையலறைக்குள் நுழைந்து பார்ப்போம்.

முதலில் கணக்குப் புத்தகம். பிறக்கும்போது ஏறக்குறைய மூன்று கிலோவாக இருந்த குழந்தை ஒரு வயதில் ஒன்பது கிலோவைத் தொடுகிறது. ஒரே ஆண்டில் எடை மூன்று மடங்கு. அந்தக் கடையில் அந்த ஆண்டு முழுவதும் கல்யாணக் கூட்டம். அடுத்த ஆண்டில் கூடுவதோ இரண்டு, இரண்டரை கிலோதான். கூட்டம் குறைந்தால் நானா அரிசி போடுவதைக் குறைப்பார், குறைக்காவிட்டால் சோறு வீணாகும். குழந்தையின் உடம்பும் அதையே செய்கிறது. "ஒரு வயசு வரைக்கும் நல்லாச் சாப்பிட்டான், அப்புறம் யாரோ கண் வச்சிட்டாங்க" என்று வீட்டுக்கு வீடு கேட்கிறோம். கண்ணேறு இல்லை. வளர்ச்சியின் வேகம் குறைந்திருக்கிறது, பசியும் அதற்கேற்பக் குறைந்திருக்கிறது. குழந்தையின் வயிறும் சிறியது. தட்டு நிறைய வைத்துவிட்டு மிச்சம் வைக்கிறானே என்று வருந்துவதில் பொருளில்லை. ஒவ்வொரு பண்டத்திலும் ஒரு மேசைக்கரண்டி வைத்துத் தொடங்கினால் போதும். வேண்டுமானால் கேட்கும்.

அடுத்தது வாசற்காவல். நடக்கத் தெரிந்த குழந்தை கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் போட்டுவிடக் கூடாது என்பதற்காக, தெரியாத உணவைச் சந்தேகிக்கும் இயல்பு இந்த வயதில் தலைதூக்குகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இரண்டு வயதையொட்டித் தொடங்கும் இந்தச் சந்தேகம் ஆறு வயதுவாக்கில் தணியும். நேற்று சாப்பிட்ட இட்லியே இன்று சற்றுப் பழுப்பாக இருந்தால் அதுவும் அந்நியம்தான். இலை, காய்களின் கசப்பு அந்த நாக்கில் நம் நாக்கைவிடத் தூக்கலாகவே படும். நீங்களும் நானும்கூடப் புதிய கடைக்குப் போனால் சட்டியில் மிதக்கும் பெயர் தெரியாத கறியை உடனே கேட்டுவிட மாட்டோம். பக்கத்து மேசைக்காரர் அதை எடுப்பதைப் பார்ப்போம், வாசனை பிடிப்போம். அடுத்த முறை "கொஞ்சம் குழம்பு மட்டும் போடுங்க" என்போம். துண்டு கேட்பது அதற்கும் பிறகு. இதே தூரத்தைக் குழந்தையும் நடந்துதான் வர வேண்டும், அதன் கால் சின்னது.

எத்தனை முறை? லியான் பர்ச் என்ற உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1982இல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய உணவுகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்த எண்ணிக்கை கூடக் கூட விருப்பமும் கூடியது. பிறகு வந்த ஆய்வுகளும் எட்டு, பத்து, சில நேரம் பதினைந்து முறைகூட ஆகும் என்றே காட்டுகின்றன. பார்த்தால் மட்டும் போதாது, நாக்கில் பட வேண்டும். நாம் இரண்டு தடவை பாகற்காய் வைத்துப் பார்த்து, "இவனுக்குக் காய்கறியே ஆகாது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். அந்த முத்திரையைக் குழந்தையும் காதில் வாங்கிக்கொள்கிறது.

இந்தக் காவலுக்கு ஒரு சலுகைச் சீட்டும் உண்டு, அது பிறப்பதற்கு முன்பே தரப்படுகிறது. ஜூலி மெனெல்லாவின் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு குடித்துவந்த தாய்மாரின் குழந்தைகள் கேரட் சுவையுள்ள கூழை மற்றக் குழந்தைகளைவிட எளிதாக ஏற்றுக்கொண்டன. அம்மா சாப்பிட்ட பூண்டும் வெந்தயமும் குழந்தைக்கு ஏற்கனவே அறிமுகமானவை. நம் குழம்பின் வாசனை அதற்கு முற்றிலும் புதிதல்ல. காரத்தையும் உப்பையும் குறைத்தால் போதும், வாசனையைத் துடைக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கென்று தனியாக வெள்ளைச் சமையல் செய்யும் வீடுகளில் இந்த அறிமுகம் வீணாகிறது என்பது என் எண்ணம்.

மூன்றாவது அடுப்பு. பல வீடுகளில் கோளாறு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஒரு புட்டிப் பால். எட்டரைக்குச் சோறு, வேண்டாம் என்கிறது. பாவமே என்று ஒன்பதரைக்கு மைலோ. பத்தரைக்கு பாட்டி கையால் பிஸ்கட்டு. பதினொன்றுக்கு வாழைப்பழம் பாதி. பன்னிரண்டு மணிக்கு மறுபடி சோறு, மறுபடி வேண்டாம். பசி என்பது உலை கொதித்து வருவது மாதிரி. சூடேறும்போதெல்லாம் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் அந்த உலை எப்போது கொதிக்கும்? ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டரை, மூன்று மணி நேரம் விட வேண்டும். நடுவில் தண்ணீர் மட்டும். நாசி கண்டார் கடையும் நாள் முழுக்கத் திறந்திருக்கலாம், ஆனால் நீங்கள் நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருப்பதில்லை.

பாலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அன்பு தன்னை அறியாமல் தீங்கு செய்கிறது. ஒரு வயதுக்கு மேல் பசும்பால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் போதும். அதற்கு மேல் போனால் வயிறு பாலாலேயே நிறைந்துவிடும். பாலில் இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை. மற்ற உணவிலிருந்து கிடைக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதற்கும் அதிலுள்ள கால்சியம் தடையாக இருக்கிறது. ஒன்று முதல் மூன்று வயதுவரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் இரும்பு தேவை. அது குறைந்தால் இரத்தசோகை வரும், இரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும். சாப்பிடாததால் பால், பால் குடிப்பதால் சாப்பாடு வேண்டாம் என்று சக்கரம் சுற்றும். மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஐந்தில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருக்கிறார் என்று தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. வறுமையும் நோயும் இன்னும் பலவும் அதற்குக் காரணம். ஆனால் வசதியுள்ள வீட்டிலும் புட்டியால் பசியை அணைக்கிறோம் என்பதையும் மறைக்க வேண்டாம். கட்டிப்பால் என்று நாம் சொல்லும் இனிப்புப் பாலை வெந்நீரில் கலக்கிப் பிள்ளைக்குக் கொடுக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. குழந்தைக்கு ஏற்றதல்ல என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கும்.

இப்போது முகப்புக்குத் திரும்புவோம். கட்டாயப்படுத்தினால் என்ன ஆகிறது? அமெரிக்காவில் பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கு இரண்டு வகைச் சூப்பைக் கொடுத்து, ஒன்றுக்கு மட்டும் "குடித்து முடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2006இல் வெளிவந்த அந்த ஆய்வில், வற்புறுத்தாத சூப்பையே குழந்தைகள் கூடுதலாகக் குடித்தார்கள், அதைப் பற்றிக் குறை சொன்னதும் குறைவு. கையூட்டு கொடுத்தாலும் பலன் இல்லை. ஒரு புதிய பால் பானத்தைக் குடித்தால் பரிசு என்று 1984இல் பர்ச் குழுவினர் சோதித்தபோது, பரிசுக்காகக் குடித்த குழந்தைகளுக்கு அந்தப் பானத்தின் மேல் இருந்த விருப்பம் குறைந்தது. ஒரு கடையில் எல்லாக் கறியும் முழு விலை, இந்த ஒரு கறிக்கு மட்டும் தள்ளுபடி, மேலும் ஐஸ்கிரீம் இனாம் என்றால் நமக்கு என்ன தோன்றும்? இதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதான் தோன்றும். "கீரையைச் சாப்பிட்டால் சாக்லெட்" என்று சொல்லும்போது கீரை மோசமானது, சாக்லெட் உயர்ந்தது என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

கைப்பேசி அதைவிட நுட்பமானது. பந்தாட்டம் ஓடும் இரவில் மாமாக் கடையில் உட்கார்ந்தவரிடம் எத்தனை ரொட்டி சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கண் திரையில் இருக்கும்போது வயிறு சொல்வது காதில் விழாது. நம் ஊர்த் தமிழில் சாப்பிட்டாயா என்பதற்குப் பசியாறினாயா என்று கேட்கிறோம். பசி ஆறிவிட்டது என்பது உள்ளிருப்பவருக்கு மட்டுமே தெரியும் செய்தி. குழந்தை அந்தச் செய்தியைக் கேட்கப் பழகும் வயதில் நாம் பாட்டு வைத்து அதை மறைத்துவிடுகிறோம். கையால் ஊட்டுவதில் எந்தத் தவறும் இல்லை. ஊட்டும் கை, வாய் தானாகத் திறக்கும்வரை காத்திருந்தால் போதும்.

"அப்படியே விட்டுவிட்டால் அவன் எதையும் சாப்பிட மாட்டானே" என்பதுதான் என் தங்கையின் பயம். எல்லாத் தாய்மாரின் பயமும் அதுதான். இதை ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே ஒரு பெண் மருத்துவர் சோதித்திருக்கிறார். கிளாரா டேவிஸ், அப்போதுதான் தாய்ப்பால் மறக்கத் தொடங்கிய 15 குழந்தைகளுக்கு முன்னால் தட்டில் பல கிண்ணங்களை வைத்தார். ஈரல், முட்டை, மீன், தானியம், காய், பழம், பால் என்று மொத்தம் 34 உணவுகள் பட்டியலில். எல்லாம் தனித்தனியாக, உப்பும் தனிக் கிண்ணத்தில். நம் கணக்கில் எல்லாமே 'ஆசிங்'. தாதி கையில் கரண்டியோடு பேசாமல் உட்கார்ந்திருப்பார். குழந்தை எதற்குக் கை நீட்டுகிறதோ அதை மட்டும் ஊட்டுவார். ஒரு காலையில் ஆரஞ்சுச் சாறும் ஈரலும், ஓர் இரவில் பல முட்டைகளும் வாழைப்பழமும் பாலும் என்று விசித்திரமாகத்தான் சாப்பிட்டார்கள். எந்த இரு குழந்தைகளின் சாப்பாடும் ஒன்றாக இல்லை. ஆனால் எல்லாரும் நன்றாக வளர்ந்தார்கள். எலும்பு வளைவு நோயோடு வந்த ஒரு குழந்தை, மீன் எண்ணெயைத் தானாகவே குடித்து, நோய் தீர்ந்ததும் விட்டுவிட்டது. 1939இல் முடிவுகளைச் சொன்னபோது டேவிஸ் ஒன்றை மறைக்கவில்லை. சூட்சுமம் அந்தப் பட்டியலில் இருந்தது. அதில் சர்க்கரை இல்லை, வெள்ளை மாவு இல்லை, டப்பா உணவு இல்லை. சட்டியில் இருப்பதெல்லாம் நல்லதாக இருந்தால் விரல் எங்கே போனாலும் கவலையில்லை. தாயின் உழைப்பு போக வேண்டிய இடம் சட்டி. வாயோடு மல்லுக்கட்டி அதைத் தீர்த்துவிடக் கூடாது.

சட்டியில் என்ன வைப்பது? வேலைக்குப் போகும் வீட்டில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் யாருக்கும் நேரம் இல்லை. கடைச் சாப்பாடு இந்த வயதுக்கு அன்றாடம் ஆகாது, எண்ணெயும் உப்பும் அதிகம். என் தங்கையும் நானும் ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்ததில் முதலில் வந்தது நோன்புக் கஞ்சி. நோன்பு மாதத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊருக்கே கொடுப்பார்களே, அதன் சிறு வடிவம். ஒரு கப் பச்சரிசி, கால் கப் பாசிப்பருப்பு, நான்கு பல் பூண்டு, கால் தேக்கரண்டி வெந்தயம், ஒரு கைப்பிடி கொத்திய கோழிக்கறி, துருவிய கேரட். ஆறு கப் தண்ணீர் விட்டுப் பிரஷர் குக்கரில் நான்கு விசில். இறக்கித் தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு கிளறு. வெந்தயத்தைக் கால் தேக்கரண்டிக்கு மேல் போட்டால் கசந்துவிடும். ஆறியதும் ஐஸ் அச்சில் ஊற்றி உறைய வைத்துவிட்டால், வேண்டும்போது நான்கு கட்டியை எடுத்துக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி, ஆற வைத்துக் கொடுக்கலாம்.

மற்றவற்றுக்குச் செய்முறைகூட வேண்டாம். மிளகாய் போடாத டால்சாவில் தோய்த்த ரொட்டித் துண்டுகள். முதல் நாள் சோற்றை முட்டையோடு கிளறி நெய் விட்டது. கெம்போங் மீனை ஆவியில் வேகவைத்து, விரலால் தடவித் தடவி முள்ளெடுத்துச் சோற்றில் பிசைந்தது. தௌஃபூ. நெத்திலியைக் கழுவி உப்புப் போக ஊறவைத்து, வறுத்துப் பொடித்து டப்பாவில் வைத்துக்கொண்டால் எந்தக் கஞ்சி மேலும் தூவலாம். பருப்பு, கீரை எதிலும் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துவிடுங்கள், இரும்புச்சத்து உடம்பில் ஒட்டும். ஒவ்வொரு வேளையும் தட்டில் அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பண்டம் கட்டாயம் இருக்கட்டும். புதியது ஒன்று, கட்டைவிரல் நகமளவு, ஓரமாக. வீட்டார் அதையே சாப்பிடட்டும். இருபது, முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம்.

ஒரே ஒரு கண்டிப்பு: உருண்டையானதும் வழுக்குவதும் தொண்டையை அடைக்கும். திராட்சை, மீனுருண்டை, லங்சாட் எல்லாவற்றையும் நீளவாக்கில் வெட்டி, விதை எடுத்துத்தான் தர வேண்டும். ரம்புத்தானை முழுசாக வாயில் போடவே விடாதீர்கள். கச்சான், கடலை முழுசாக இந்த வயதில் வேண்டாம். நடந்துகொண்டும் சிரித்துக்கொண்டும் சாப்பிடக் கூடாது.

இவையெல்லாம் நன்றாக ஓடி விளையாடும் பிள்ளைக்கு. எடை ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, முன்பு சாப்பிட்டவற்றை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு ஏழெட்டுப் பண்டங்களில் சுருங்கிவிட்டாலோ, வெளிறிப்போய் மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் தேடித் தின்றாலோ, வைத்தியரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம். மண் தின்பது பல நேரம் இரும்புச்சத்துக் குறைவின் குரல். அடித்தால் அது நிற்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பையனைத் தூக்கிக்கொண்டு முகப்புக்குப் போனேன். சட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தவன், முழுசாக வேகவைத்து அடுக்கிய வெண்டைக்காயைக் காட்டினான். நானா எதுவும் கேட்கவில்லை. சின்னத் தட்டில் ஒரு வெண்டைக்காயை வைத்து நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். மேசைக்கு வந்து அதை அழுத்தினான். பிளந்து உள்ளேயிருந்த முத்துகளைப் பார்த்தான். ஒன்றை நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினான். தங்கை வாயைத் திறந்தாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் அன்று. அடுத்த ஞாயிறும் அதே. வீட்டிலும் வாரம் இரண்டு முறை வெண்டைக்காய் இருந்தது. ஏழாவதோ எட்டாவதோ முறை, முத்துகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றான். இரண்டு மாதம் கழித்துப் பாதிக் காய்.

போன ஞாயிறு மறுபடி போயிருந்தோம். வெண்டைக்காயைத் தொடவே இல்லை. வெறும் சோறு, அவித்த முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு மேசைக்கடியில் இறங்கப் பார்த்தான். தங்கை கைப்பேசியை எடுக்கவில்லை. "பசியாறிட்டியா?" என்று கேட்டாள். தலையாட்டினான். அவள் தட்டை ஓரமாக நகர்த்தி, அவன் கையைக் கழுவிவிட்டாள். மணி ஒன்பது இருபது. அடுத்த சாப்பாடு பன்னிரண்டரைக்கு, வீட்டில், கெம்போங் மீன்.